செவலைக்கு ரெண்டு வாத்தியார்

பெரியகுளம் பக்கம் சிக்கந்தர் ராவுத்தர் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். காவலுக்கு நாயோடு ஆள் வேணும் என்றதுமே, காசிலிங்கம் தன் பெண்டாட்டியின் தம்பி இருளப்பனையும் செவலை நாயையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். இந்த வேலையும் போனால் அக்கா உலை வைக்க மாட்டாள் என்பது இருளப்பனுக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை. மச்சானோ வாயை மூடவில்லை.

"காலையில நான் பழக்குவேன், சாயங்காலம் மாப்ள பழக்குவான் மொதலாளி. ஒருநாள் நான் 'வா'ன்னேன், அதே நேரம் இவன் 'போ'ன்னுட்டான். ரெண்டு பேர் பேச்சையும் தட்டக்கூடாதில்ல? முன்கால் எங்கிட்ட வந்துச்சு, பின்கால் கிணத்துக்குப் போச்சு. நடுவுல நீண்ட முதுகுல எம் பொண்டாட்டி நாலு சேலை காயப் போட்டா!"

"அஞ்சாவதுக்கு இடமில்லையோ?" என்றார் ராவுத்தர்.

"இடம் கெடந்துச்சு. சேலைதான் இல்ல."

நடந்தது இருளப்பனுக்குத் தெரியும். இருவரும் ஆளுக்கொன்று சொன்னால் செவலை படுத்துத் தூங்கிவிடும்.

"அப்புறம் ஒரு திருடன். நான் 'பிடி'ங்கிறேன், இவன் 'விடு'ங்கிறான். பிடிச்சு விட்டு, பிடிச்சு விட்டு, தேனி வரைக்கும் கொண்டுபோயிருச்சு. அவனே போலீஸ் டேசனுக்குள்ள ஓடி, 'அய்யா, பூட்டுங்க'ன்னு கெஞ்சிட்டான்!"

"சாவியையும் நாய்தான் வச்சிருந்துச்சா?"

"கடைசியில அதுக்கே வெறுத்துப்போச்சு மொதலாளி. எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு, ஒரே பேச்சுக்கு வர்ற வரைக்கும் எந்திரிக்க விடல. மூணு நாள் பட்டினி."

"நாயா?"

"நாங்க!"

ராவுத்தர் இருளப்பன் பக்கம் திரும்பினார். "என்னப்பா, நெசமா?"

இருளப்பனின் கண்ணில் அக்காவின் அடுப்பு வந்து போனது.

"மச்சான் கூச்சப்பட்டுக் குறைச்சுச் சொல்றாரு. நான் மூணே நாள்ல பழகிட்டேன். மச்சானைப் பழக்கத்தான் நாய்க்குப் பதினஞ்சு நாளாச்சு."

காசிலிங்கம் முறைத்தான். ராவுத்தர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"எங்க, கூப்பிடுங்க பாப்போம்."

"வாடா செவலை!" என்றான் காசிலிங்கம்.

பதற்றத்தில், "இருடா செவலை!" என்று கத்திவிட்டான் இருளப்பன்.

செவலை இவனைப் பார்த்தது, அவனைப் பார்த்தது. நேரே போய் ராவுத்தர் உட்கார்ந்திருந்த கட்டிலடியில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

ராவுத்தர் குனிந்து நாயைப் பார்த்தார்.

"சரி, நாளையிலிருந்து வந்துருங்க."

"நாயோடதானே மொதலாளி?" என்றான் காசிலிங்கம்.

"நாயெல்லாம் வேணாம். நீங்க ரெண்டு பேரும் மரத்தடியில உக்காந்து இப்படியே பேசிக்கிட்டிருங்க. திருடன் காது கேக்குற தூரத்துல நிக்க மாட்டான்."