ஐந்து கால் காளை

சத்தம் போடாமல் கேளுங்கள். இரண்டாம் தடவை சொல்ல மாட்டேன்.

வெகு காலத்துக்கு முன்னே அசீரிய நாட்டை ஒரு ராஜா ஆண்டான். பயந்தாங்கொள்ளி. அவன் அரண்மனைக்கு மூன்று வாசல். மூன்றுக்கும் கல்லில் காவல் வேண்டும் என்றான். மனிதத் தலை, காளை உடம்பு, கழுகுச் சிறகு. கால் மட்டும் ஐந்து. எதிரே நின்று பார்த்தால் காளை நிற்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் நடக்கும்.

செதுக்கியவன் பெயர் இலுபானி. மலையடியில் கல்லைக் காளையாக்குவது அவன் வேலை. அதைக் கயிறு கட்டி அரண்மனை வரை இழுப்பது மற்றவர்கள் பாடு.

முதல் காளையைப் போர்க் கைதிகள் இழுத்தார்கள். ஒன்பது பேர் செத்தார்கள். இலுபானி உளி தீட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது அதைவிடப் பெரிது. உழவர்களைக் கயிற்றில் பூட்டினார்கள். "ஐந்து கால் வைத்தாயே ஐயா, அதையே நடந்து போகச் சொல்லேன்," என்றான் ஒரு உழவன். இலுபானிக்குச் சிரிப்பு வந்தது. இருபது பேர் செத்தார்கள், அந்த உழவனும் சேர்த்து. இலுபானி அடுத்த கல்லுக்கு அளவெடுத்தான்.

மிஞ்சியவர்கள் ஓடிப்போனதால் மூன்றாவதை இழுக்க ஊரில் ஆள் இல்லை.

"வாசல் காவலர்களைப் பூட்டுங்கள்," என்றான் ராஜா. "கல்லே காக்கப்போகிறது. அவர்கள் எதற்கு?"

காவலர்களில் இலுபானியின் தம்பி சகிரும் ஒருவன். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டான்: "உன் காளைக்கு நான் காளையா, அண்ணா?"

இலுபானி ஓடிப்போய் ராஜா காலில் விழுந்தான். "தம்பியை விட்டுவிடுங்கள், மகாராஜா. ஆளைக் கொல்கிற வேலை இது."

"முதல் இரண்டு கல்லும் கொல்லவில்லையா? அப்போது நீ வாய் திறக்கவில்லையே," என்றான் ராஜா. "சரிதான் போலிருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன்."

இலுபானி திரும்பி வருவதற்குள் காளையை இழுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஆற்றோரச் சரிவில் கயிறு அறுந்தது. சகிர் கல்லுக்கு அடியில் போனான். கல்லைக் கழுவி வாசலில் நிறுத்தினார்கள். 'இவ்வாசலைப் பகைவன் கடவான்' என்று அதன் வயிற்றில் பொறிக்கச் சொன்னான் ராஜா. இலுபானி பொறித்தான்.

அறுவடைக்கு முன்பே பகைவர் வந்தார்கள். மிஞ்சிய காவலர்கள் தோள் புண்ணோடு படுத்துக் கிடந்தார்கள். மூன்று வாசலிலும் தடுக்க ஆள் இல்லை. ஐந்து காலில் ஒன்றுகூட அசையவில்லை. ராஜா செத்தான்.

இலுபானியை மட்டும் கொல்லவில்லை. "எங்கள் ராஜாவுக்கும் இப்படி ஒன்று செய்," என்றார்கள். இழுப்பதற்கு ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முன்பின் தெரியாத முகங்கள். இலுபானி ஒவ்வொன்றாகப் பார்த்தான். உளியைக் கீழே போட்டான்.

அவனையும் கயிற்றில் பூட்டினார்கள்.

ஊரான் தோளில் கயிறு ஏறும்போது வாய் திறக்காதவன், தன் தம்பிக்காகத் திறக்கும்போது கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.