தாம்பாளத்துக்குள் ஒரு ஏரி

என்னை முதலில் கெடுத்தவன் மந்திரி திருமேனிநாதன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

நான் ராசாவின் ஏரிக்குக் காவல். ஒரு கோடையில், கரைக்கல்லில் போட்ட கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே தண்ணீர் இறங்கிவிட்டது. மடை திறக்கவே இல்லை. "காவல்காரன் திருட்டுத்தனமாக விற்றுவிட்டான்" என்றான் மந்திரி. என்னைக் கட்டி இழுத்துப் போனார்கள். என் சண்டைச் சேவல் அன்றைக்கே மந்திரி வீட்டுக் குழம்பில் கொதித்தது.

"சாமி, தண்ணி தானா வத்திருச்சு" என்று சபையில் அழுதேன்.

"அதை ஆராய வேண்டும், மகாராஜா" என்றான் மந்திரி. "கடலை அளக்க வேண்டும். ஆற்றை அளக்க வேண்டும். மேகத்தை அளக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாவது ஆகும். அதுவரை இவன் சிறையில் கிடக்கட்டும்."

எனக்கு அப்போதே பாதித் தலை நரைத்திருந்தது.

விகடன் மாடக்கண்ணு கொட்டாவி விட்டபடி எழுந்தான். "மகாராஜா, மேகத்துக்கு ஏணி தேடுவானேன்? ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி முற்றத்தில் வைப்போம். மந்திரியாரே காவல் இருக்கட்டும். குறைந்தால் காவல்காரன்தான் திருடன். அவர் சொன்ன நியாயம்தானே?"

ராசா தலையாட்டினார்.

"ஒரு தாம்பாளத்தைக் காக்க எனக்குத் தெரியாதா?" மந்திரி மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். தண்ணீரில் நிழல் விழுகிறது என்று அவன் குடையை மாடக்கண்ணு பிடுங்கிக்கொண்டான். வெயில் மண்டையைப் பிளந்தது. மந்திரி காக்கை விரட்டினான், பூனை விரட்டினான், கண்ணை இமைக்கக்கூடப் பயந்தான்.

மறுநாள் சாயங்காலம் ராசா வந்து பார்த்தார். சரியாக ஒரு விரல்கடை குறைவு.

"எங்கே ஐயா தண்ணீர்?"

"நான் தொடவே இல்லை, மகாராஜா!"

"திருடன் எல்லாம் இதைத்தான் சொல்றான். கட்டுங்கடா இவரை!" என்றான் மாடக்கண்ணு.

"ஐயோ, சூரியன் குடிச்சிட்டான்! என் கண்ணு முன்னாலயே குடிச்சான்!"

"அப்போ ஏரிக்கரையில வேற சூரியனா காயுது, மந்திரியாரே?"

ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாடக்கண்ணுவுக்கு முத்துமாலை. எனக்குக் கட்டு அவிழ்ந்தது. சேவலைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. நானே மந்திரியை வழிமறித்தேன்.

"என் சேவல் எங்கே?"

"அதையும் சூரியன்தான் குடிச்சிட்டான்" என்று ஏப்பம் விட்டான் மந்திரி.

சேவல் இன்னும் வந்து சேரவில்லை.