மனுக்கள் பல்லக்கில் போன கதை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், ஆகையால் விட்டுவிடுகிறேன். அதை ஆண்டவர் மகுடவர்மர். நல்ல மனிதர். யாரையும் அடித்ததில்லை, யார் சொத்தையும் பிடுங்கியதில்லை. யார் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்டதும் இல்லை. அது ஒன்றுதான் குறை.

குடிகளுக்கு ஏதாவது குறை என்றால் ஓலையில் மனு எழுதிக்கொண்டு அரண்மனை வாசலுக்கு வருவார்கள். ஓலைநாயகம் ஆவுடையப்பர் அதை வாங்கிக்கொள்வார். ஓலைநாயகம் என்றால் நாட்டில் எழுதப்படும் ஓலைகளுக்கெல்லாம் தலைமை அதிகாரி. அவர் மனுவின் தலையில் ‘அரசர் பார்வைக்கு’ என்று முத்திரை குத்துவார். பிறகு அதைச் சபாமண்டபத்தின் மூலையில் அடுக்கிவிடுவார். அரசரின் பார்வை அந்த மூலைப் பக்கம் ஏழு வருஷமாகப் போகவில்லை.

கெட்டிக்காரர்கள் சிலர் அரசர் பல்லக்கில் போகும்போது ஓடிப்போய் நேராக மனுவை நீட்டிப் பார்த்தார்கள். ஆவுடையப்பர் அதற்கும் ஒரு சட்டம் போட்டார். பல்லக்குக்குத் திரை மூடியிருந்தால் பத்தடிக்குள் எவரும் வரக் கூடாது. உள்ளே யார் என்று கேட்கக் கூடாது. திரையைத் தொடுகிற கைக்கு இருபது கசையடி. அரசருக்குக் கதை சொல்லிச் சிரிக்க வைக்க ஒரு விகடகவி கூடப் போவான், அவனுக்கு மட்டும் விலக்கு.

அந்த விகடகவியின் பெயர் இடும்பன். ஆள் குள்ளம். குடுமி மட்டும் ஆளுக்கு மீறிய நீளம். சபையில் அரசருக்குப் பக்கத்தில் உட்காருகிறானே என்று ஆவுடையப்பருக்கு அவன்மேல் வயிற்றெரிச்சல்.

புரட்டாசி பிறந்த ஒரு காலை, மனுக் குவியலுக்குள் குடியிருந்த தேள் ஒன்று வெளியே உலாவ வந்து அரசரின் கால் கட்டைவிரலைக் கொட்டிவிட்டது. அரசர் போட்ட கூச்சலில் கொட்டடி யானை சங்கிலியை அறுத்துக்கொண்டது. அரண்மனை வைத்தியர் ஓடிவந்து பச்சிலை கட்டினார். ஒரு மாதம் தோட்ட மாளிகையில் எண்ணெய்க் கட்டும் பத்தியமுமாக இருக்க வேண்டும், யாரையும் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

வலி கொஞ்சம் தணிந்ததும் அரசர் குவியலைக் காட்டிக் கர்ஜித்தார். “இந்த ஓலைகள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தனவோ அந்தந்த ஊருக்கே போய்ச் சேர வேண்டும். நான் திரும்பி வரும்போது ஒன்றுகூட இங்கே இருக்கக் கூடாது. என் குடிகள் எழுதியவை, ஆகையால் குப்பை மாதிரி வாரிப் போகாதீர்கள். அரச மரியாதையோடு போக வேண்டும். மனுக் கொடுத்தவர் ஒருவர்கூட முனகக் கூடாது. யார் செய்கிறீர்கள்?”

ஆவுடையப்பர் முன்னால் வந்தார். “அரசே, இப்படிப்பட்ட காரியத்துக்கு நம் இடும்பனை விட்டால் ஆள் ஏது? ஆனால் புத்தியால் சாதிக்கட்டும். அவன் ஓர் ஆணை ஓலையும் எழுதக் கூடாது. எந்த அதிகாரிக்கும் வாயால் உத்தரவு இடக் கூடாது. பொக்கிஷத்தைத் தொடக் கூடாது. தவறினால் குடுமியைச் சிரைத்துக் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடலாம்.”

“இடும்பா, சம்மதமா?” என்றார் அரசர்.

“ஒரு வார்த்தை, மன்னா. அரச மரியாதை என்றீர்களே, தங்களுக்கு எது மரியாதையோ அது இந்த ஓலைகளுக்கும் உண்டா?”

“எல்லாம் உண்டு. எடுத்துக்கொள். ஐயோ, என் விரல்!” என்று அரசர் மூடுவண்டியில் ஏறித் தோட்ட மாளிகைக்குப் போய்விட்டார்.

இடும்பன் குடுமியைத் தடவிக்கொண்டே வாசலுக்கு வந்தான். அங்கே ஒரு பெண் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். கோரைத்துறை என்ற ஆற்றங்கரை ஊரில் பாய் பின்னுகிறவள், நாச்சி என்று பெயர். ஏழாவது தடவையாக வந்திருந்தாள்.

“என்ன தாயே, மறுபடியும் மனுவா?”

“அதே மனுதான் சாமி. எங்க ஊர் ஓடம் ஓட்டை. எம் பொண்ணுக்கு எட்டு மாசம். மருத்துவச்சி அக்கரையில இருக்கா. ஐப்பசி வெள்ளம் வந்துட்டா அந்த ஓடத்துல யாரு ஏறுவா? போன வருசம் சின்னான் பொண்டாட்டி வலியெடுத்து இக்கரையிலயே கெடந்து செத்துப் போச்சு. எம் பொண்ணும் அப்படிப் போவணுமா?”

“புது ஓடம் கொடுத்தாயிற்று என்று ஓலைநாயகம் சொன்னாரே?”

“குடுத்தாங்க, இல்லேங்கல. துறை அதிகாரி அதைக் கவுத்துப் போட்டு அவரு மாட்டுக்கொட்டாய்க்குக் கூரையா வெச்சிருக்காரு. மாடு நனையல சாமி. நாங்கதான் நனையுறோம்.”

இடும்பனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மனுவை வாங்கிக்கொண்டு, “ஊருக்குப் போ தாயே. ஐப்பசிக்குள் ஓடம் தண்ணீரில் இருக்கும். இல்லாவிட்டால் நான் கழுதைமேல் இருப்பேன்” என்றான்.

மறுநாள் காலை அரசரின் பட்டுப் பல்லக்கு சபாமண்டபத்துக்குள் போனது. வெளியே வரும்போது திரை மூடியிருந்தது. எட்டுப் பேர் தோளில் முக்கி முனகித் தூக்கினார்கள். முன்னால் கொம்பு ஊதினார்கள், மேலே வெண்குடை பிடித்தார்கள், பக்கத்தில் இடும்பன் நடந்தான். உள்ளே அரசரின் மெத்தையில் அரசரின் திண்டில் சாய்ந்தபடி ஏழு வருஷத்து மனுக்கள் உட்கார்ந்திருந்தன. தூக்கிகளுக்கு விஷயம் தெரியும். ஆனால் அவர்களில் மூன்று பேர் தங்கள் ஊருக்காக மனுப் போட்டவர்கள், வாயைத் திறப்பார்களா?

மாடத்திலிருந்து ஆவுடையப்பர் இதைப் பார்த்தார். ‘எண்ணெய்க் கட்டு, பத்தியம் என்றதெல்லாம் பொய்யா? என்னிடம்கூடச் சொல்லாமல் நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டாரே!’ ஓடிவந்து இடும்பனை மறித்தார். “உள்ளே...” என்று ஆரம்பித்தவர், சட்டம் தம்முடையது என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஏதோ கேட்க வந்தீர்களே?” என்றான் இடும்பன்.

“ஒன்றுமில்லை. எந்த வழியாகப் போகிறது?”

“எல்லா ஊர் வழியாகவும்.”

அவ்வளவுதான். நாலு திசைக்கும் குதிரைகள் பறந்தன. ஆவுடையப்பர் தம் கையாலேயே எழுதித் தம் முத்திரையையே குத்தி ஓலை அனுப்பினார்: ‘பல்லக்கு வருகிறது. சாலையில் குழி இருக்கக் கூடாது. குளத்தில் பாசி இருக்கக் கூடாது. குடிகளின் முகத்தில் குறை இருக்கக் கூடாது.’ பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பல்லக்குக்குப் பின்னால் பத்தடி விட்டு நடக்கத் தொடங்கினார்.

அந்தப் புரட்டாசியில் அந்த நாட்டில் நடந்த வேலை அதற்கு முன் நடந்ததில்லை. சத்திரத்துக்குக் கதவு வந்தது. பூட்டிக் கிடந்த தருமவைத்தியசாலையைத் திறந்தார்கள். தூக்கத்திலிருந்த வைத்தியரை எழுப்பி உட்கார வைத்தார்கள். பெரிய மிராசுதார் மறித்து வைத்திருந்த வாய்க்கால் தானாகவே திறந்துகொண்டது போல ஓடியது. பல ஊர்களில் பல்லக்கு எல்லையைத் தொடும்போதே மனுவில் கேட்ட காரியம் பாதி முடிந்திருக்கும்.

மீதிப் பாதிக்கு இடும்பன் வழி வைத்திருந்தான். ஒவ்வொரு ஊர் மந்தையிலும் பல்லக்கு நிற்கும். அவன் திரைக்குள் கையை விட்டு அந்த ஊர் மனுவை எடுப்பான். ஊரார் முன்னிலையில் அதிகாரியின் கையில் கொடுப்பான். “உள்ளேயிருந்து வருகிறது” என்பான். வேறு ஒரு வார்த்தை சொல்லமாட்டான். அதிகாரி அதை இரண்டு கையாலும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு படிப்பார், படித்துவிட்டு ஓடுவார். அரசருக்கென்று வருகிற சாப்பாட்டை இடும்பன் திரைக்குள் எடுத்துப் போய் வெறும் இலையோடு வெளியே வருவான். மாதக் கடைசியில் அவன் இரண்டு சுற்றுப் பெருத்திருந்தான்.

ஆவுடையப்பரோ நாளுக்கு நாள் இளைத்தார். தினமும் காலையில் பல்லக்குக்கு எதிரே பத்தடி தள்ளி நின்று, “அரசே, அடியேன்மேல் கோபமா?” என்று கேட்பார். உள்ளேயிருந்து பதில் வராது. கடுங்கோபம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு இன்னும் கடுமையாக ஓலை எழுதுவார்.

கோரைத்துறைக்குப் பல்லக்கு போனது கடைசி வாரத்தில். வானம் கறுத்திருந்தது. துறை அதிகாரி முந்தின நாளே மாடுகளை வெளியே கட்டிவிட்டு ஓடத்தை நிமிர்த்தியிருந்தார். இருந்தும் கூரையாக இருந்த பழக்கத்தில் அதன் அடியில் வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. இடும்பன் நாச்சியின் மனுக்களை எடுத்து நீட்டினான். ஏழு மனுக்கள், ஏழிலும் ஒரே வாசகம். அதிகாரி படித்து முடிப்பதற்குள் ஊரே சேர்ந்து ஓடத்தை ஆற்றில் இறக்கியது. மறுநாள் ஆற்றில் புதுவெள்ளம் செந்நீராக வந்தது. நாச்சியின் மகள் அந்த ஓடத்தில் அக்கரைக்குப் போனாள்.

மாதம் முடிந்து சபை கூடியது. விரல் வீக்கம் வடிந்து, எண்ணெய் மினுமினுப்போடு அரசர் வந்து அமர்ந்தார். மண்டபத்து மூலை காலியாக இருந்தது, பல்லக்கு ஓரமாக நின்றது. ஆவுடையப்பர் கொப்புளக் கால்களோடு நொண்டி வந்து தடாலென்று விழுந்தார்.

“அரசே, யாத்திரை சுகமாக முடிந்ததா? அடியேன்மேல் கோபம் தணிந்ததா?”

“யாத்திரையா? நான் ஒரு மாதமாகத் தோட்டத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். நீர் எங்கே போனீர்? ஏன் இப்படிக் கறுத்துப்போனீர்?”

ஆவுடையப்பர் எழுந்தார். பல்லக்கைப் பார்த்தார், அரசரைப் பார்த்தார், இடும்பனின் தொப்பையைப் பார்த்தார். நடந்ததெல்லாம் விளங்கியதும் கூவினார். “ராஜத் துரோகம்! அரசர் உள்ளே இருப்பதாக நாட்டையே ஏமாற்றியிருக்கிறான்!”

“அப்படி நான் யாரிடம் சொன்னேன், ஐயா?” என்றான் இடும்பன். “அரசே, மனுக்கள் அரச மரியாதையோடு போக வேண்டும் என்றீர்கள். தங்கள் பல்லக்கில் ஏற்றினேன். நான் ஓர் ஆணையும் எழுதவில்லை. எழுதியவர் ஓலைநாயகம். நான் யாருக்கும் உத்தரவு இடவில்லை. இட்டவரும் அவர்தான். ஒரு மாதம் மனுக்களைத் தினமும் கும்பிட்டு நலம் விசாரித்தவரும் அவர் ஒருவரே.”

அரசருக்கு முதலில் மீசை நடுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. சிரித்த சிரிப்பில் கட்டைவிரலைத் தரையில் மோதிக்கொண்டு, வலியோடும் சிரித்தார்.

“சிரிக்க வேண்டாம் அரசே!” என்று கத்தினார் ஆவுடையப்பர். அவர் பல்லக்கின் திரையை விலக்கியிருந்தார். மெத்தைமேல் ஒரே ஓர் ஓலை கிடந்தது. “ஒன்று திரும்பி வந்திருக்கிறது! தோற்றுவிட்டான். கழுதையைக் கொண்டுவாருங்கள்!”

இடும்பன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. “உண்மைதான், மன்னா. அது பனையடிப்பட்டி மனு. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கிணறு கேட்டிருக்கிறார்கள். பல்லக்கு அங்கே போனது. ஊர் இல்லை. குட்டிச்சுவர்களும் பனைமரங்களும் இருந்தன. யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். முனகுவதற்கும் அங்கே ஆள் இல்லை.”

அரசர் இறங்கி வந்து அந்த ஓலையைத் தம் கையால் எடுத்தார். ஏழு வருஷத்தில் அவர் படித்த முதல் மனு அதுதான். இரண்டு தடவை படித்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

“இது இடும்பன் கொண்டுபோக வேண்டிய ஓலை இல்லை, நான் கொண்டுபோக வேண்டியது” என்றார். “அந்த ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள் என்று தேடிக் கண்டுபிடித்து இதற்குப் பதில் சொல்வேன். கிணறும் வெட்டித் தருவேன். ஓலைநாயகமே, தேடுவதற்கு நீரும் நடந்தே வாரும், இப்போதுதான் உமக்குப் பழக்கமாகிவிட்டதே.”

அந்த நேரத்தில் வாசலில் சலசலப்பு. காவலன் ஒருவன் ஓடிவந்தான். “அரசே, அந்தக் கோரைத்துறைக்காரி மறுபடியும் வந்துவிட்டாள்!” ஆவுடையப்பரின் முகம் சற்று மலர்ந்தது.

நாச்சி கக்கத்தில் ஒரு சுருட்டோடு உள்ளே வந்து கும்பிட்டாள்.

“இன்னும் என்ன குறை அம்மா?” என்றார் அரசர்.

“குறை இல்ல மகராசா. அக்கரையில எனக்குப் பேரன் பொறந்திருக்கான். நீங்க ஊருக்கு வந்த புண்ணியம்.”

“நான் வரவே இல்லையே! வந்தது உங்கள் மனுக்கள்தான்.”

நாச்சி கொஞ்சம் யோசித்தாள். “நீங்க வராமலே இவ்ளோ நடக்கும்னா, செய்யறதுக்கு ஆளு, கட்டை, கையி எல்லாம் முன்னயே இருந்திருக்கு மகராசா. பயம் ஒண்ணுதான் இல்லாம இருந்திருக்கு.”

அரசர் மறுபடியும் சிரித்தார், தம்மைப் பார்த்தே சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி இடும்பனுக்குப் போட்டார். “இன்னும் என்ன வேண்டும், கேள்” என்றார்.

“வருஷம் ஒரு மாதம் அந்தப் பல்லக்கு வேண்டும், அரசே. திரை மூடியே போகட்டும். சில வருஷம் தாங்கள் உள்ளே இருங்கள், சில வருஷம் மனுக்கள் இருக்கட்டும். எந்த வருஷம் யார் என்று ஒருவருக்கும் தெரிய வேண்டாம்.”

“தந்தேன்” என்றார் அரசர். பிறகு நாச்சியின் கக்கத்தைப் பார்த்தார். “அது என்ன, எனக்குப் பாயா?”

நாச்சி சுருட்டைப் பிரித்தாள். புதுக் கோரை வாசம் மண்டபம் முழுக்கப் பரவியது. பாய் சிறியது, பல்லக்கு மெத்தையின் அளவுக்கே பின்னியிருந்தது.

“உங்களுக்கு மெத்தை இருக்கே மகராசா. இது அடுத்த வருசம் வர்ற மனுவுங்க உக்கார.”

அந்தப் பாய் கிழிந்து அடுத்த பாய் மாறி, அதுவும் கிழிந்து, அரசர்களும் மாறிவிட்டார்கள் என்று கேள்வி. ஆனால் அந்த நாட்டில் திரை மூடிய பல்லக்கு ஒன்று தெருவில் திரும்பினால், அதிகாரிகள் இன்றைக்கும் உள்ளே யார் என்று கேட்பதில்லை. ஊர் ஓடம் தண்ணீரில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் முதலில் ஓடுகிறார்களாம்.