முதுகில் விழுந்த சட்டை

“இன்னையோட நான் நின்னுக்கிடுதேன், டீச்சரம்மா.”

ஆவுடையப்பன் துரட்டிக் கம்பைப் படியில் போட்டார். கொக்கியில் ஒரு சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது. கிழிசலுக்குள் ஓர் ஆமை. கழுத்து இறுகிச் செத்துப் போயிருந்தது.

டீச்சர் ஆமையைப் பார்த்தார்.

சண்முகவடிவு என்று பெயர். பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பிராயன்துறைக்கு வந்துவிடுவார். அவர் விசில் ஊதினால், ஆற்றைச் சுத்தம் செய்கிற கூட்டம் தண்ணீரில் இறங்கும். மறுபடி ஊதினால் ஏறும். இடையில் அவர் வாயிலிருந்து நாலு வார்த்தை வந்தால் அதிகம்.

ஆவுடையப்பன் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பியூஸைப் பிடுங்கிப் பழகிய கை. பேசாமல் இருக்கவே தெரியாது. ஆனாலும் தன்னைவிட இருபது வயது சின்னவரான இந்த டீச்சரிடம் வந்துதான் எதையும் கேட்பார். ஏன் என்று கேட்டால், “அந்தப் புள்ள பேசாம இருக்கும்போது நமக்கு வெக்கமா இருக்குய்யா” என்பார்.

“எடுக்க எடுக்கப் போடுதாவ. இவங்களுக்கு எப்பத்தான் புத்தி வரும்?”

டீச்சர் கிழிசலை மெல்ல அறுத்து ஆமையை விடுவித்தார்.

“அவங்க முகத்தைப் பாத்திருக்கீயளா, அண்ணாச்சி?”

“எங்க பாக்க? போட்டுட்டுத் திரும்பியே பாக்காமப் போறாவ. முதுகுதான் தெரியுது.”

“அடுத்த வாரம் தண்ணிக்குள்ள இறங்காதீங்க. கீழ்ப்படியில நில்லுங்க. வாரவங்க முகத்தைப் பாருங்க.”

“பாத்து?”

டீச்சர் விசிலை ஊதிவிட்டார். எல்லாரும் ஏறினார்கள்.

அந்தத் துறைக்கு ஒரு வழக்கம் உண்டு. கருமாதி முடிந்ததும், இறந்தவர் உடுத்திய துணி ஒன்றைக் கொண்டுவருவார்கள். மூன்று முங்கு போட்டுவிட்டு அதை ஆற்றில் விடுவார்கள். பிறகு திரும்பிப் பார்க்காமல் படியேற வேண்டும். பார்த்தால் போகிறவருக்குப் போக மனம் வராதாம். விட்ட துணி மறுபடி வீட்டு வாசலை மிதிக்கவும் கூடாது.

போகிறவர் போய்விடுவார். துணி எங்கே போகும்? பாலியஸ்டர் மக்குமா? மருதமர வேரில் சுற்றிக்கொண்டு, மண்ணைக் குடித்து, அங்கேயே கிடக்கும்.

அடுத்த ஞாயிறு ஆவுடையப்பன் கீழ்ப்படியில் நின்றார். முகத்தைப் பார்க்கச் சொன்னால் அவர் வாயைத் திறந்தார்.

“ஏம்மா, ஆறு என்ன உங்க வீட்டுக் குப்பைத் தொட்டியா?”

“யோவ், படிச்ச ஆளுதான நீரு?”

சிலர் தலையாட்டிவிட்டுத் துணியை விட்டார்கள். சிலர் தலையாட்டாமல் விட்டார்கள். ஒருவர் மட்டும், “எங்கப்பாவுக்குப் போடாம உங்கப்பாவுக்கா போடுதோம்?” என்று கேட்டுவிட்டுப் போனார். உச்சிவெயில் வரும்போது ஆவுடையப்பனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. செத்த ஆமை கண்ணுக்குள்ளேயே நின்றது.

அப்போது ஒரு பெண் வந்தாள். தனியாக வந்தாள். நெஞ்சோடு நீலமாக எதையோ அணைத்திருந்தாள். அவர் அந்த நீலத்தைத்தான் பார்த்தார்.

அவள் மூன்று முறை முங்கினாள். கையைத் தளர்த்தினாள். திரும்பிப் படியேறத் தொடங்கினாள்.

துணி சுழன்று வந்து ஆவுடையப்பனின் முழங்காலில் ஒட்டியது.

அதை எடுத்தார். எறிந்தார்.

கை தன்னால் செய்துவிட்டது என்று பிற்பாடு சொன்னார். அந்தக் கையும் அவருடையதுதானே.

ஈரத்துணி அவள் முதுகில் சப்பென்று விழுந்தது.

அவள் நின்றாள். ஆற்றுக்குள் இருந்தவர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். கொக்கிக் கம்புகள் நின்றன.

அவள் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் கொண்டுபோய், வழுக்கி விழப்போன துணியைப் பிடித்தாள். முன்னால் கொண்டுவந்து மறுபடி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். படியேறிப் போனாள்.

விசில் சத்தம் கேட்டது. டீச்சர் தண்ணீரிலிருந்து ஏறி, ஆவுடையப்பனைத் தாண்டி, அவள் பின்னால் ஓடினார். அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அந்த வாரம் ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. நின்றுகொள்கிறேன் என்று சொன்ன மனிதர், ஞாயிறு விடிந்ததும் முதல் ஆளாகத் துறையில் வந்து நின்றார். டீச்சர் திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது. திட்டு வாங்கினால் அந்த முதுகு கண்ணை விட்டுப் போகும் என்று நினைத்தார்.

டீச்சர் வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை.

“டீச்சரம்மா, போன வாரம்...”

“தண்ணிக்குள்ள இறங்குங்க, அண்ணாச்சி.”

இறங்கினார். கூட்டத்தில் மற்றவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. டீச்சரும் உடுத்திய துணியோடு இறங்கினார். பையிலிருந்து எதையோ எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஒரு முங்கு. இரண்டு. மூன்று.

எழுந்து, கையிலிருந்ததை ஆற்றில் விட்டார்.

திரும்பிப் படியேறினார்.

ஆவுடையப்பனுக்குக் கம்பத்தில் வேலை பார்த்த காலத்தில் இரண்டு தடவை கரண்டு அடித்திருக்கிறது. அப்போதுகூட அவர் இப்படி ஆடிப்போனதில்லை. வருஷக்கணக்காக இந்த ஆற்றிலிருந்து துணி அள்ளிய கை டீச்சருடையது. அந்தக் கையா இது?

“டீச்சரம்மா! என்ன காரியம் செஞ்சிய!”

டீச்சர் திரும்பவில்லை. ஏறிக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் தண்ணீரை அடித்துக்கொண்டு போய் துணியை எட்டிப் பிடித்தார்.

“நீங்களே போட்டா நாங்க யாரைக் கேக்க? சொல்லுங்க, யாரைக் கேக்க?”

டீச்சர் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

“எறிங்க.”

“என்னது?”

“அன்னைக்கு எறிஞ்சியள்லா? அதே மாதிரி எறிங்க. முதுகு இங்கதான இருக்கு.”

அவர் கை உயரவில்லை. கையில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் குனிந்து பார்த்தார்.

ஒரு நீலச் சட்டை. வலது கைப்பகுதி தோள்வரைக்கும் கத்தரியால் நீளமாக வெட்டப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு வெட்டுகிற வெட்டு. மேலிருந்து மூன்றாவது பித்தான் மட்டும் வேறு நிறம். கறுப்பு நூலை இறுக்கி இறுக்கித் தைத்திருந்தது.

“இது... அந்தம்மா கொண்டாந்ததா?”

“ஆமா.”

“உங்ககிட்ட எப்படி?”

“ரோட்டோரம் பஸ் நிக்கிற இடத்துல இருந்தாவ. பஸ் வருது, போகுது. ஏறலை. விட்ட துணியோட எப்படி வீட்டுக்குப் போக? எங்கயாவது போட்டுட்டுப் போகவும் மனசு வரலை. ஒத்தைப் புள்ளையாம்.”

ஆவுடையப்பன் அந்தப் பித்தானை விரலால் தடவினார்.

“அவிய திரும்பிப் பாக்கலை, அண்ணாச்சி. யாரு எறிஞ்சதுன்னு அவியளுக்குத் தெரியாது.”

“அப்போ?”

“ஆறு எறிஞ்சதுன்னு நெனச்சுட்டாவ. ‘என் புள்ளைய ஆறுகூட வேண்டாம்னுட்டுதே’ன்னு அழுதாவ.”

அவர் நின்ற இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். ஆவுடையப்பன் அதில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டையைத் தண்ணீரில் நனையவிடாமல் தூக்கிப் பிடித்திருந்தார். அது ஏற்கெனவே நனைந்த சட்டை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

“நான் எறிஞ்சேன்னு... நீங்க சொல்லலையா?”

“சொன்னேன். ஒரு ஆளுதான் எறிஞ்சாருன்னு சொன்னேன்.”

“என்ன சொன்னாவ?”

“‘மனுசன் அப்படிச் செய்வானா, தாயி’ன்னு கேட்டாவ.”

மருதமரத்தில் ஏதோ ஒரு பறவை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் அழுதார். அறுபது வயதில் ஆற்றுக்குள் உட்கார்ந்து, மூக்கு வடிய அழுதார்.

“ஆத்துல இந்த முறை நான் விடுதேன், ஆறு ஏத்துக்கிடும்னு சொல்லித்தான் இதை வாங்கிட்டு வந்தேன்” என்றார் டீச்சர். “விட்டுட்டேன்.”

“நான் எடுத்துட்டேனே!”

“எடுக்கிறதுதான நம்ம வேலை.”

“டீச்சரம்மா, இப்ப நான் என்ன செய்ய?”

டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. மீதிப் படிகளையும் ஏறி, மேலே போய்விட்டார்.

மேலே ஒரு வேன் வந்து நின்றது. நாலைந்து பேர் இறங்கினார்கள். மொட்டையடித்த ஒரு பெரியவர் மட்டும் படியில் இறங்கி வந்தார். கையில் மடித்த அரக்குச் சேலை. பாதிப் படியில் ஆவுடையப்பனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கத்துகிற ஆள் ஒருவர் துறையில் நிற்கிறார் என்று ஊருக்கு ஊர் பேச்சு போயிருந்தது. சேலையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் அந்த முகத்தைப் பார்த்தார்.

பொண்டாட்டி சேலை என்று அந்த முகத்திலேயே எழுதியிருந்தது. எத்தனை நாள் தூங்காத கண் என்றும், என்னைத் திட்டாதே என்றும்கூட எழுதியிருந்தது.

அவர் எழுந்தார். நீலச் சட்டையைப் பிழிந்து தன் தோளில் போட்டுக்கொண்டார். தண்ணீருக்குள் நடந்து, பெரியவர் முங்கப் போகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, ஆறு ஓடுகிற வாக்கில் போய் நின்றுகொண்டார்.

பெரியவர் தயங்கித் தயங்கி இறங்கினார். மூன்று முங்கு போட்டார். சேலையைத் தண்ணீரில் வைத்தார். ஆனால் விரலை எடுக்கவில்லை. பயந்துபோய் ஆவுடையப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விரித்து நீட்டினார்.

“விடுங்க, ஐயா. திரும்பிப் பாக்காமப் போங்க. நான் பிடிச்சுக்கிடுதேன்.”