பச்சமுத்துவின் வைர நகம்

சேலத்துப் பக்கம் சுரங்கத் தொழில் படிக்கும் பிள்ளைகளுக்கு அன்று கல் கண்டுபிடிக்கும் தேர்வு. இரண்டு வெள்ளைக் கல் தருவார்கள். நகத்தால் கீறினால் கோடு விழுவது ஜிப்சம், விழாதது கால்சைட். ஊற்றினால் பொங்குகிறதா என்று பார்க்கும் ஆசிட் புட்டி காலி, அதனால் நகம் ஒன்றுதான் கதி. ஏற்கெனவே இரண்டு முறை இதில் கவிழ்ந்தவன் பச்சமுத்து. இந்த முறையும் போனால் சான்றிதழ் கிடையாது, சுரங்க வேலையும் கிடையாது. பயம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது.

"ஜிப்சமெல்லாம் ஒரு கல்லா? கஞ்சமலையில வழுக்கி விழப் பார்த்தேன். ஒத்த விரலை ஊனுனேன். அடிவாரம் வரைக்கும் கீறல்! இப்ப அதுல தண்ணி ஓடுது, மூணு ஊர் வயல் பாயுது."

"அப்ப மீன் கிடைக்குமே?" என்றாள் பக்கத்தில் நின்ற ஷம்ஷாத்.

"கெளுத்தி கிடைக்கும். அது கிடக்கட்டும், எங்கக்கா நிச்சயத்துக்கு வைரத் தோடு வந்துச்சு. அசலான்னு பார்க்க லேசாத்தான் தொட்டேன். ரெண்டு தோடு நாலு தோடாயிருச்சு!"

வரிசையே சிரித்தது. பச்சமுத்துவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"அப்பேர்ப்பட்ட நகத்தை எதை வச்சுப்பா வெட்டுவே?" என்றாள் ஷம்ஷாத்.

"வெட்டுறதா? இரும்பு அறுக்குற ஆக்ஸா பிளேடே மூணு போச்சு. இப்பல்லாம் பல்லால கடிச்சுத் துப்பிர்றேன். போன வாரம் துப்புன இடத்துல குழி விழுந்து, இருபதடியில தண்ணி!"

"எங்கே, கையைக் காட்டு."

காட்டவில்லை. அவளே பிடித்து விரித்தாள். தேர்வுப் பயத்தில் ஒரு வாரமாகக் கடித்துக் கடித்து, பத்து விரலிலும் சதைதான் இருந்தது. அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. பாவம், முகம் வெளுத்துவிட்டது.

"பச்சமுத்து!" தேர்வு நடத்தும் கிருபாகரன் சார் கூப்பிட்டுவிட்டார்.

மேசையில் இரண்டு வெள்ளைக் கல். விரலால் தேய்த்தான், தடவினான். கல்லுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நகம் எங்கேப்பா?"

வாய் அப்போதும் கைவிடவில்லை. "நான் கீறுனா மேசையும் சேர்ந்து ரெண்டாயிரும் சார். லேப் சாமான் பாழாக வேண்டாம்னு, நகத்தை வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்தேன்."

சார் பேனாவை மூடினார்.

"நல்ல பிள்ளை. மார்க்கையும் வீட்டுலயே போய் வாங்கிக்கோ."