பறை அடிக்காத கார்காலம்

சேந்திக்கு நடந்த அநியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வெள்ளம் வந்தால் மேட்டு நகரைக் காக்கப் பள்ளத்துப் பக்கக் கரையை வெட்டிவிடுவது அந்த ஆற்றங்கரை வழக்கம். வெட்டும் முன் பறை அடிப்பார்கள். பள்ளத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேடேறுவார்கள். சென்ற கார்காலத்தில் பறை அடிக்காமலே கரையை வெட்டிவிட்டார்கள். அடித்தால் வந்து தடுப்பார்களோ என்று நகரத்தாருக்குப் பயம். சேந்தி மாட்டை ஓட்டிவரப் போயிருந்தாள். அவள் மகள் குடிசைக்குள் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நகரம் பிழைத்தது.

வெள்ளம் வடிந்தபோது சேந்தியின் வயலில் முழங்கால் அளவு வண்டல் கிடந்தது. அடுத்த விளைச்சலில் அந்தப் பள்ளத்தாக்கிலேயே உயரமான நெல் அங்கேதான் நின்றது. உயர்ந்த நெல்லின் முதல் கதிரை ஆற்றுக்குப் படைத்த பிறகே மற்றவர்கள் அறுக்கலாம். அதுவும் வழக்கம்.

சேந்தி தர மாட்டேன் என்றாள்.

"தராவிட்டால் அவள் வயலுக்கு இனி மதகு திறக்காது" என்றான் ஊர்க்கிழான்.

அவன் தம்பி ஆதன், குன்றின் குகையில் இருந்த பெண் துறவியிடம் பாடம் கேட்பவன். பெண் ஆசான் என்ற பொருளில் அவளைக் குரத்தி என்பார்கள். ஆதனைவிட வயதில் இளையவள்.

"அம்மையே, நீங்கள் சொன்னால் சேந்தி கேட்பாள்."

"என்ன சொல்ல?"

"ஆறு கொடுத்ததை ஆற்றுக்குக் கொடு என்று. ஒரு கதிர்தானே!"

"ஆறு என்ன கொடுத்தது?"

ஆதன் சிரித்துவிட்டான். "நல்ல கேள்வி! நகரத்தில் குயவன், கொல்லன், மணி கோப்பவன், எவனாவது ஏர் பிடிக்கிறானா? அத்தனை பேரும் சோறு தின்பது யாரால்? ஆறு கொண்டுவரும் வண்டலால்."

"சேந்தி வயலுக்கு ஆறு தானாகவா போனது?"

"கரையை வெட்டாவிட்டால் நகரமே போயிருக்கும். ஒரு பிள்ளையா, ஓர் ஊரா? நீங்களே சொல்லுங்கள்."

"பறையையுமா வெள்ளம் கொண்டுபோயிற்று?"

குரத்தி எழுந்து குன்றிலிருந்து இறங்கினாள். ஆதனும் பின்னால் போனான்.

சேந்தி வரப்பில் உட்கார்ந்திருந்தாள். "நீங்களும் கதிருக்குத்தான் வந்தீர்களா?"

"இல்லையம்மா. குடிசை எங்கே இருந்தது?"

நெல் ஆளுயரம் நின்ற இடத்தைச் சேந்தி காட்டினாள்.

"தேடினாயா?"

"தேடாமல் இருப்பேனா? தாழியில் வைத்துப் புதைக்க ஓர் எலும்புகூட அகப்படவில்லை. இந்த வண்டலுக்குள் எங்கோதான் கிடக்கிறாள். அதன்மேல் அரிவாள் வைக்கச் சொல்கிறார்கள், ஐயாமார்." அவள் ஆதனைப் பார்க்கவில்லை.

குரத்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆதன் வரப்பிலேயே நின்றான். காற்றில் நெல் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் பார்த்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

படையல் நாளில் நகரமே அரிவாளோடு ஆற்றங்கரையில் கூடியிருந்தது. குரத்தி வெறுங்கையோடு வந்தாள். பின்னால் ஆதன்.

"வாருங்கள், வாருங்கள்! தூது போனவர்கள் வெறுங்கையை வீசிக்கொண்டு வருகிறீர்களே" என்றான் ஊர்க்கிழான். "கதிர் எங்கே? ஆறு கோபித்துக்கொண்டால் அம்மையா கரையில் படுத்துத் தடுக்கப்போகிறீர்கள்?"

கூட்டம் சிரித்தது. குரத்தி ஆதனைப் பார்த்தாள்.

"உன் அண்ணன் கேட்கிறான். நீ சொல்."

ஆதன் தண்ணீரைப் பார்த்தபடி நின்றான். சிரிப்பு அடங்கும்வரை நின்றான்.

"முதல் கதிர் போன கார்காலத்திலேயே ஆற்றுக்குப் போய்விட்டது, அண்ணா. நாம்தான் கொடுத்தோம்."