திருப்பி அனுப்பிய திரை

மணற்கரை ஊர் வானொலியில் கடல் அறிவிப்பு வாசிப்பவர் சிலுவை. முப்பது வருஷம் மீன்பிடிப் போட்டு ஓட்டியவர். ஐம்பத்தேழு வயதில் பெனிட்டாவிடம் கம்ப்யூட்டர் கற்கச் சேர்ந்தார். ஆசிரியைக்கு வயது இருபத்தெட்டு.

அன்று மதியம் ஒன்றரை மணி. இரண்டு மணிக்கு அறிவிப்பு. சாயங்காலம் காற்று ஏறும், யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். காற்றின் முழு விவரமும் நிலையத்து லினக்ஸ் கணினியில்தான் வரும், ஒலிபரப்பும் அதில்தான். கடவுச்சொல்லை அடித்தால் திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு கடவுச்சொல் கேட்கும் அதே திரை வந்து நின்றது.

சிலுவை போன் செய்ய, பெனிட்டா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார்.

"டீச்சர், பதினோரு தடவை அடிச்சிட்டேன். ரிப்பேர்காரத் தம்பிகிட்ட கேட்டா, மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடணும்ங்கான். ஏன் என்னைய உள்ள விடமாட்டேங்குது?"

"தப்பான கடவுச்சொல் ஒண்ணு அடிங்க அண்ணாச்சி."

அடித்தார். தவறு என்று எழுத்து வந்தது.

"இப்ப சரியானதை."

திரை கறுத்தது. பழைய இடத்துக்கே திரும்பியது. தவறு என்று மட்டும் வரவில்லை.

சிலுவை தாடையைச் சொறிந்தார். "அப்போ, நம்மள அதுக்கு அடையாளம் தெரியுது."

"தெரியுது. உள்ளயும் விடுது. அப்புறம்தான் திருப்பி அனுப்புது."

பெனிட்டா நாற்காலி கேட்கவில்லை. பின்னால் நின்றபடியே சொன்னார். "கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூணு. சேர்த்து அமுக்குங்க. எழுத்து மட்டும் உள்ள பின்வாசல் அது."

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து பெயர் கேட்டது. அதே பெயர், அதே கடவுச்சொல். இந்த முறை உள்ளே போய்விட்டார். எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்கும் கட்டளையை தன் பாட நோட்டைப் பார்த்து அடித்தார்.

நூறு சதவீதம் நிரம்பியிருந்தது.

"உள்ள கால் வைக்க இடமில்ல, அதான் திருப்பி அனுப்புது. அப்படி என்ன வச்சிருக்கீங்க அண்ணாச்சி?"

"மூணு வருஷமா நான் வாசிச்ச அறிவிப்பு. ஒண்ணு விடாமப் பதிவு பண்ணியிருக்கேன்." சற்றுக் கூச்சத்தோடு சேர்த்துக்கொண்டார். "நம்ம குரல்லா."

மணி ஒன்றே முக்கால்.

"இதை அழிச்சாத்தான் வழியா டீச்சர்?"

"போன வருஷக் காத்தைக் கேட்டு எந்தப் போட்டு கடலுக்குப் போகும்?"

சிலுவை முதல் வருஷப் பதிவுகளை அழிக்கப் போனார். விரல் ஒரு தரம் நின்று, பிறகு அமுக்கியது. கடவுச்சொல் திரைக்குத் திரும்பி மறுபடி அடித்தார். கணினி திறந்துகொண்டது.

இரண்டு மணிக்குச் சரியாக அறிவிப்பு போனது. மைக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தார். கரையில் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தவர்கள் மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெனிட்டா டீ வாங்கி வந்தார். சிலுவை டீயைக் குடித்தபடி மிச்சப் பதிவுகளையும் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தார். முகம் தெளிந்திருந்தது. கடைசியில் ஒன்றில் வந்து நின்றார். ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய புயலன்று, நாற்பது போட்டுகளைக் கரைக்குத் திரும்பக் கூப்பிட்ட அறிவிப்பு.

"டீச்சர், இது?"

"இப்ப இடம் இருக்கே அண்ணாச்சி. இருக்கட்டும்."